பழைய கான்டெஸாவில் பவர் பிரேக் கல்லாகிவிட்டால் பூஸ்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கோவை நண்பர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். அப்பா வாங்கிய 1992 மாடல் கான்டெஸா கிளாசிக், 1.8 பெட்ரோல். கொஞ்ச நாளாக பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கிறது. சிக்னலில் பெடலை மிதித்தபடி நின்றால் இன்ஜின் தடதடத்து அணையப் பார்க்கிறது. பிரேக் ஆயில் வெளியே எங்கும் கசியவில்லை, ஆனால் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு மெக்கானிக், பூஸ்டரைக் கழற்றி வீசிவிட்டு வேறு வண்டி பூஸ்டர் ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், பூஸ்டரே வேண்டாம், அந்தக் காலத்து அம்பாசடர் எல்லாம் பூஸ்டர் இல்லாமல் ஓடவில்லையா என்கிறார். டிசம்பரில் குடும்பத்தோடு ஊட்டி போக வேண்டும், யார் பேச்சைக் கேட்பது என்பது கேள்வி. யார் சரி என்று கேட்பது போலத் தெரிந்தாலும், நீங்கள் கேட்பது வேறு: கெட்டது பூஸ்டர்தானா, அப்படியானால் எதைப் போடுவது, போட்ட பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கலாமா. மூன்றுக்கும் பதில் இருக்கிறது. பிரேக் வேலையே தொழிலாகச் செய்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கான்டெஸா இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்.இ. உடம்பை எடுத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இலிருந்து 2002 வரை செய்த வண்டி. நீளமான, கனமான வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவில் பெடலுக்கும், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே ஒரு கறுப்பு டப்பா, காலின் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் அதுதான் பூஸ்டர். உள்ளே ரப்பர் டயாஃப்ரம் ஒன்று அந்த டப்பாவை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. பெடலைத் தொடாதபோது இரண்டு அறையிலும் இன்ஜின் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) உறிஞ்சிய வேக்கம், அதாவது காற்றழுத்தம் குறைந்த நிலை, இருக்கும். மிதித்ததும் பெடல் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைந்து டயாஃப்ரத்தை முன்னால் தள்ளுகிறது. எட்டு அங்குல டயாஃப்ரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள், பரப்பு ஏறத்தாழ 324 சதுர சென்டிமீட்டர். மேனிஃபோல்டில் (பாதரச அளவில்) 20 அங்குலம் வேக்கம் இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.69 கிலோ அழுத்தம் கிடைக்கும், அதாவது அதிகபட்சம் 220 கிலோவை ஒட்டிய தள்ளு. உங்கள் கால் 30 கிலோ அழுத்தினால், பெடலின் நெம்புகோல் அதை நான்கு மடங்காக்கினாலும் 120 கிலோதான் வருகிறது. மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் மொத்த விசையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரியும்.

இதனால்தான் இரண்டாவது மெக்கானிக் சொல்வதை ஒத்துக்கொள்ளவே முடியாது. பூஸ்டர் இல்லாத வண்டிகளில் பெடலின் நெம்புகோல் விகிதம் பொதுவாக ஆறுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும், பூஸ்டர் வைத்த வண்டியில் நான்குக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். அதோடு, பழைய அம்பாசடரில் இருந்தது டிரம் பிரேக். டிரம்முக்குள் ஷூ சுற்றும் திசையிலேயே தன்னைத்தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும், டிஸ்க் பிரேக்குக்கு அந்தக் குணம் கிடையாது, எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். கான்டெஸாவிலிருந்து பூஸ்டரை மட்டும் எடுத்துவிட்டால், முன்பு 30 கிலோவில் நின்ற வண்டிக்கு இனிமேல் 80 கிலோ அழுத்த வேண்டியிருக்கும். உங்களால் முடியலாம். அவசரத்துக்கு உங்கள் அம்மாவோ மனைவியோ ஓட்டினால்? வேண்டாம், அந்த யோசனையை இதோடு விட்டுவிடுங்கள்.

சரி, கெட்டது பூஸ்டர்தானா? பெடல் கல்லாக இருப்பதற்குப் பூஸ்டரைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. டிஸ்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், டிஸ்கில் அழுந்தும் பேட் சூட்டில் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருக்கலாம், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி வழி அடைத்திருக்கலாம், பெடல் ஊசலாடும் பின்னில் கிரீஸ் வற்றியிருக்கலாம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: பூஸ்டர் கெட்டால் பெடல் கடினமாகும், பஞ்சு போல ஆகவே ஆகாது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று. காலை அப்படியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால், வெளியே கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் பூஸ்டர் மாற்றிப் பிரயோஜனமில்லை.

வீட்டு வாசலிலேயே காசில்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன, இன்று மாலையே செய்துவிடுங்கள். இன்ஜினை நிறுத்தி, பெடல் முழுக்க இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். அப்படியே மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல பூஸ்டர் என்றால் கால் தானாக ஓர் அங்குலம் போலக் கீழே இறங்கும். இறங்கவே இல்லை என்றால் ஒன்று பூஸ்டருக்கு வேக்கம் வரவில்லை, அல்லது வந்த வேக்கத்தை அதனால் பிடித்துவைக்க முடியவில்லை. அடுத்து, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், ஐந்து நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று மிதி மெத்தென்று இருந்து, ஒவ்வொன்றாகக் கடினமாக வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் பூஸ்டரில் சேர்த்துவைத்த வேக்கம் ஓடிப்போய்விட்டது, நான்-ரிட்டர்ன் வால்விலோ (ஹோஸில் காற்றை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு) டயாஃப்ரத்திலோ ஓட்டை. அப்புறம், இன்ஜின் ஓடும்போதே பெடலை அழுத்திப் பிடித்து, பிடித்தபடி சாவியை அணைத்து, அரை நிமிடம் காத்திருங்கள். காலைப் பெடல் மேலே தள்ளினால் அதுவும் கசிவுதான்.

இதைச் செய்யும்போது காதையும் கொடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல் மேல்கம்பி பூஸ்டருக்குள் நுழையும் இடத்தில் 'ஸ்ஸ்' என்று தொடர்ந்து சத்தம் வருகிறதா? மிதித்த அந்த நொடியில் மட்டும் லேசாக வந்து நின்றுபோவது இயல்பு, காற்று உள்ளே போகும் சத்தம் அது. காலை அசைக்காமல் வைத்திருக்கும்போதும் நிற்காமல் வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது அல்லது காற்று வால்வு மூடவில்லை. நீங்கள் சொல்லும் தடதடப்பு இதோடு பொருந்துகிறது. கிழிசல் வழியாகக் காற்று நேராக மேனிஃபோல்டுக்குப் போய், பெட்ரோல் கலவை நீர்த்து, இன்ஜின் தடுமாறுகிறது. பெடலை மிதித்துப் பிடித்திருக்கும் வரை இன்ஜின் தடுமாறி, விட்டதும் சரியாகிறது என்றால் பூஸ்டர் போய்விட்டது என்று பார்க்காமலேயே சொல்வேன்.

ஆயில் குறைவது பற்றி அந்த அளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஆனால் சந்தேகம் வலுவானது. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்தால் ஆயில் தரையில் சொட்டாது, நேராகப் பூஸ்டருக்குள் இறங்கும். அங்கே இருக்கும் வேக்கம் அதை இன்னும் உறிஞ்சும். தேங்கியது நிரம்பினால் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குப் போய் வெள்ளைப் புகையாக வெளியேறும், வாகனக்காரர் ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று பயந்து இன்ஜினைப் பிரிக்கப் போவார். பார்ப்பது சுலபம். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றி, ஸ்டீல் பைப்புகளை மடங்கவிடாமல் சிலிண்டரை மெதுவாக முன்னால் நகர்த்தி, பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, பூஸ்டரின் முகப்பில் பெயின்ட் தோல் உரிந்து, கீழ்ப்பாதியில் துரு ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். டயாஃப்ரம் கெட்டதற்கும் அநேகமாக இதுவே காரணமாக இருக்கும். இந்த நிலையில் பூஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மாஸ்டர் சிலிண்டரையே பூட்டினால், புதுப் பூஸ்டரும் அதே வழியில்தான் போகும். என் பட்டறைக்கு இரண்டாவது முறையாகப் பூஸ்டர் போன வண்டி வந்தால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் வேக்கம் கேஜ் ஒன்றை மேனிஃபோல்டில் மாட்டி அளந்து பாருங்கள், எந்த டியூனிங் கடையிலும் இருக்கும். சமவெளியில், ஐடிலிங்கில் முள் ஆடாமல் 17-லிருந்து 20 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். 14, 15 என்று கிடந்தால் டைமிங், வால்வு இடைவெளி, கார்புரேட்டர் அடி கேஸ்கட் என்று இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு நல்ல பூஸ்டர் போட்டாலும் பெடல் மெத்தென்று ஆகாது. வண்டியில் எப்போதாவது கேஸ் கிட் போட்டிருந்தார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். பூஸ்டர் ஹோஸை வெட்டி நடுவில் டீ ஜாயின்ட் போட்டு வேக்கம் எடுத்திருப்பார்கள், கிட் போனபிறகும் அந்த டீ அங்கேயே இருக்கும், அதன் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகிக் கிளிப் போட்டிருப்பார்கள். ஹோஸும் முக்கியம். பெட்ரோல் ஹோஸோ தண்ணீர் ஹோஸோ போட்டிருந்தால் குளிர்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், இன்ஜின் சூடானதும் வேக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே நூல் பின்னிய, வேக்கத்துக்கென்றே வரும் ஹோஸ்தான் போட வேண்டும். ஹோஸ், நான்-ரிட்டர்ன் வால்வு, அது உட்காரும் ரப்பர் குரோமெட் மூன்றையும் யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள், மொத்தச் செலவில் அது பெரிய தொகையே இல்லை. உங்களுடையது பெட்ரோல் என்பதால் இந்தக் கதை. டீசல் கான்டெஸா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு, டீசல் இன்ஜினில் திராட்டில் அடைப்பு இல்லாததால் மேனிஃபோல்டில் வேக்கம் உருவாகாது, தனி வேக்கம் பம்ப் இருக்கும், முதல் சந்தேகம் அதன் மேல்தான் வர வேண்டும்.

எதைப் போடுவது? என் வரிசை இதுதான்: உங்கள் பூஸ்டரின் கூடு துருவில் ஓட்டை விழாமல் இருந்தால் அதையே பிரித்து, உள் ரப்பர் பாகங்கள் அடங்கிய கிட் போட்டு ரீகண்டிஷன் செய்வது முதல் வழி. கூடு போயிருந்தால், அதே மாடல் பூஸ்டர் ஒன்றைத் தேடி, அதையும் பிரித்துக் கிட் போட்டுப் பூட்டுவது இரண்டாவது. சென்னையில் என்றால் புதுப்பேட்டையில் பழைய பாகமும் ஜி.பி. ரோட்டில் கிட்டும் தேடலாம். அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போகாதீர்கள், பழைய பாகத்தையே கையில் எடுத்துப்போங்கள். வேறு வண்டி பூஸ்டர் கடைசி வழி. பூஸ்டரை வீட்டில் வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். உள்ளே பலமான ஸ்பிரிங் அழுந்திய நிலையில் இருக்கிறது, கூட்டின் இரண்டு பாதியும் பிடி விட்டால் முகத்துக்கு நேராக எழும்பி வரும். பிரிப்பதற்கென்று பிடிமானம் வைத்திருக்கும் ஆளிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ரியாக்‌ஷன் டிஸ்க் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நாலணா அளவில் ஒரு ரப்பர் வில்லை அது, முன்கம்பியின் அடியில் உட்கார்ந்திருக்கும், கம்பியை அசிரத்தையாக உருவினால் உதிர்ந்து உள்ளே எங்காவது விழுந்துவிடும். அது இல்லாமல் பூட்டினால் பிரேக் வேலை செய்யும், ஆனால் லேசாகத் தொட்டாலே வெடுக்கென்று பிடிக்கும், எவ்வளவு பிடிக்கிறது என்று காலுக்குத் தெரியாது. 'புதுப் பூஸ்டர் செம ஷார்ப்பா இருக்கு' என்று சந்தோஷப்படுகிறவர்கள் சிலரின் வண்டியில் உண்மையில் இந்த வில்லை காணாமல் போயிருக்கும்.

வேறு வண்டி பூஸ்டர் என்று முதல் மெக்கானிக் சொன்னது தவறென்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன், சரியாகச் செய்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் போல்ட் ஓட்டை பொருந்துகிறது என்பதற்காக மாட்டுவது பொருத்தம் ஆகாது. பூஸ்டரோடு அந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்துதான் வரும், அங்கேதான் சிக்கல். ஒரே விசைக்குச் சிலிண்டரின் உள்விட்டம் கூடினால் பிரஷர் குறையும். 3/4 அங்குலச் சிலிண்டரின் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர், 7/8 அங்குலத்தின் பரப்பு 3.88. பெரியதைப் போட்டால் பிரஷர் கால்வாசிக்கு மேல் விழுந்துவிடும், பெடல் மட்டும் கெட்டியாக, உயரமாக, பார்க்க நன்றாக இருக்கும். சிறியதைப் போட்டால் பிரஷர் கூடும், ஆனால் கான்டெஸாவின் காலிப்பருக்குத் தேவையான அளவு ஆயிலைத் தள்ள பெடல் தரை வரை போகும். விட்டம் பெரும்பாலும் சிலிண்டரின் உடம்பிலேயே அச்சாகியிருக்கும், உங்கள் பழைய சிலிண்டரில் என்ன இருக்கிறதோ அதுவேதான் வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று, நான்கும் டிரம்மாக உள்ள வண்டியின் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கலாம். அது டிஸ்க் பக்கம் வந்தால் பேட் டிஸ்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே ஓடும்.

இனி இந்த வேலையின் உயிர்நாடி. பூஸ்டரின் முன்கம்பிக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே ஓய்வு நிலையில் ஒரு நூல் இடைவெளி இருக்க வேண்டும், அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. கம்பி நீளமாகிவிட்டால் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராது, ரிசர்வாயருக்கு ஆயில் திரும்பும் குட்டித் துளை மூடியே கிடக்கும். முதல் ஐந்து கிலோமீட்டர் வண்டி நன்றாக ஓடும். சூட்டில் ஆயில் விரியும், திரும்பிப் போக வழியில்லாமல் பேட்டை அழுத்தும், அந்த உரசலில் இன்னும் சூடாகும், கடைசியில் நான்கு சக்கரமும் இறுகி நடு ரோட்டில் வண்டி நின்றுவிடும். அப்படி நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நட்டு இரண்டையும் இரண்டு சுற்று தளர்த்திப் பாருங்கள், சக்கரம் உடனே விட்டால் குற்றவாளி கம்பிதான், காலிப்பரைப் பிரிக்க வேண்டாம். கம்பி குட்டையானால் ஆபத்து குறைவு, பெடலில் வெறும் ஆட்டம் அதிகமாகும். அளப்பதற்கு வெர்னியரின் ஆழக்கம்பி போதும், சிலிண்டர் முகத்திலிருந்து பிஸ்டன் குழி எவ்வளவு ஆழம், பூஸ்டர் முகத்திலிருந்து கம்பி எவ்வளவு நீட்டம், இரண்டையும் கழித்தால் இடைவெளி. வெர்னியர் இல்லாவிட்டால் கம்பியின் முனையில் பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு சிட்டிகை வைத்து, சிலிண்டரைப் பூட்டி, பெடலைத் தொடாமல் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தைப் பாருங்கள். ரீகண்டிஷன் ஆன பூஸ்டர், வேறு சிலிண்டர், ஏன் முகத்துக் கேஸ்கட் மாறினாலும் இந்த அளவு மாறும். 'கம்பெனி செட்டிங், தொடக் கூடாது' என்று சொல்கிறவரிடம் தயவு தாட்சண்யம் பார்க்காமல் அளக்கச் சொல்லுங்கள்.

மற்ற வேலை வழக்கமானது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து ஆயில் ஊற்றி உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிடுங்கள். அப்புறம் தூரத்துச் சக்கரத்திலிருந்து ஏர் எடுக்க வேண்டும், நம் ஊர் வலது ஸ்டியரிங்கில் வழக்கமாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள், சீல் எப்போதும் போகாத துருப்பகுதிக்குள் போய்க் கீறிக்கொள்ளும். பிரேக் ஆயிலை மொத்தமாக மாற்றுங்கள். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் உறிஞ்சிவிட்டால் 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அந்த அளவுகள் 230, 155. மலைக்குப் போகிறவருக்கு டாட் 4, சீல் உடைக்காத டின். சிலிக்கானில் செய்த டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. அவசரத்துக்கு என்று இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு விட்டாலும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் முழு சிஸ்டமும் பிரிக்க வேண்டிவரும்.

ஊட்டி. சரியாகச் செய்த பூஸ்டர் வேலைக்குப் பிறகு தாராளமாகப் போகலாம், ஆனால் அங்கே பெடல் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பூஸ்டரைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம், ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குல வேக்கம் குறையும். ஊட்டி 2,240 மீட்டர், ஏழாயிரம் அடிக்கு மேல். கடல் மட்டத்தில் 20 அங்குலம் காட்டும் இன்ஜின் அங்கே 13-ஐ ஒட்டித்தான் காட்டும், பூஸ்டரின் உதவி மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நல்ல பூஸ்டருக்கே இந்த நிலை என்றால், இப்போது இருக்கும் நிலையில் உங்கள் வண்டியை மேலே கொண்டுபோகக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். குன்னூர் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டி வழியில் முப்பத்தாறு. முதல் முறை குன்னூர் வழியே இறங்குங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்திருங்கள். திராட்டில் மூடியிருக்க, இன்ஜின் சுழன்றுகொண்டிருக்க, வேக்கம் நன்றாகவே கிடைக்கும், பாதி வேகத்தை இன்ஜினே பிடித்துவிடும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இன்ஜினை அணைத்து உருட்டும் பழக்கம் பழைய டிரைவர்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அணைத்த பிறகு பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் சேமிப்பு, நான்காவது வளைவில் நீங்கள் மிதிப்பது இப்போதுள்ள கல் பெடல்தான்.

வேலை முடிந்ததும் நேராக நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள், பிறகு பதினைந்து இருபது கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டிவிட்டு, இறங்கி நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், ரிம்மைத் தொட வேண்டாம். முன்சக்கரங்கள் கூடுதலாகச் சூடாவது சரி, இடமும் வலமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சமதரையில் நியூட்ரலில் வண்டியைக் கையால் தள்ளினால் உரசாமல் நகர வேண்டும். ரிசர்வாயரில் ஆயில் மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். கோடு அப்படியே இருந்தால் புறப்படலாம். இறங்கியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட்டு, அந்த இரண்டு நட்டையும் மறுபடி கழற்றிப் பாருங்கள். வேக்கம் கேஜில் என்ன அளவு வந்தது, சிலிண்டரின் பின்பக்கம் ஈரமாக இருந்ததா என்ற இரண்டையும் கீழே எழுதுங்கள், ரீகண்டிஷன் போதுமா வேறு பூஸ்டர் தேட வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.